கூட்டாமல் குறைக்காமல்

ராமேஸ்வரத்தில் கப்பலை விட்டு இறங்கியதும் உங்கள் வீட்டில் முதலில் யாரைச் சந்தேகப்பட்டார்கள்? எங்கள் வீட்டில் மூட்டை தூக்கியவரை. அடுத்து, மண்டபம் முகாமில் அரிசி அளந்துபோட்டவரை. அதற்கடுத்து, ரயிலில் எங்கள் டிரங்குப் பெட்டியின் மேல் கால் நீட்டித் தூங்கிய ஒரு கிழவரை; அவர் தூங்குவதுபோல் நடிக்கிறார் என்று அம்மா வழி முழுக்கக் கண் மூடவில்லை. சேரம்பாடி வந்து சேர்வதற்குள் இந்தியாவில் அப்பா சந்தேகப்படாத ஆள் ஒருவர்தான் மிச்சம் இருந்தார். அவர் பெரியப்பா, அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். அவரையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, பாவாடை கட்டிய வயதில் இந்த மலைக்கு வந்த என் வயதுக்காரர்களே, நீங்கள் ஒன்றும் தெரியாதவர்கள்போல் சிரிக்க வேண்டாம். உங்கள் தலையணைக்குள் எதை வைத்துத் தைத்துக் கொண்டுவந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் தலையணையில் இலங்கை நூறு ரூபாய்த் தாள்கள் இரண்டு இருந்தன. அம்மா தலையைத் திருப்பும்போதெல்லாம் இலவம்பஞ்சுக்குள் காகிதம் மொறமொறக்கும். சத்தம் வெளியே கேட்குமோ என்று பயந்து அவள் அசையாமல் படுக்கப் பழகிக்கொண்டாள். சாகும்வரை அப்படித்தான் படுத்தாள்.

பெரியப்பா எங்களுக்கு நாலு வருஷம் முன்பே வந்து, சேரம்பாடியில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அவர் வந்த காலத்தில் நூறு இலங்கை ரூபாய் கொடுத்தால் நூற்றிருபது இந்திய ரூபாய் அளவுக்குக் கிடைத்தது. அதை அவர் கடிதத்தில் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை அப்பா என்னை எத்தனை முறை படிக்கச் சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. அதிலேயே இன்னொரு யோசனையும் இருந்தது. அவசரப்பட வேண்டாம், இன்னும் கொஞ்ச வருஷம் இருந்து வேலை செய்தால் சம்பளத்தில் பிடித்துவைக்கும் சேமலாபப் பணம் கூடும், மொத்தமாக எடுத்துக்கொண்டு வரலாம் என்று எழுதியிருந்தார். அண்ணன் சொன்னால் அப்பாவுக்கு அதற்கு மேல் பேச்சில்லை. இருந்தோம்.

இருந்த இடத்தில் ஆட்சி மாறியது. புதிதாக வந்தவர்கள் இலங்கை ரூபாயை அதுவரை கட்டிவைத்திருந்த முளையிலிருந்து அவிழ்த்துவிட்டார்கள். அதன் மதிப்பு வெளியே பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. தோட்டத்தில் எங்களுக்கு இது எதுவும் தெரியாது. கொழுந்து அதே கொழுந்து, தாளில் இருக்கும் எண் அதே எண். அப்பாவின் கணக்கில் சேர்ந்த சேமலாபப் பணம் மூவாயிரத்து இருநூறு ரூபாய். எங்களுக்கு இந்தியாவில் பாங்கிக் கணக்கு கிடையாது என்பதால் பெரியப்பாவின் கணக்குக்கு அனுப்ப எழுதிக்கொடுத்துவிட்டுக் கப்பலேறினோம்.

அந்தப் பணம் எதற்கு என்பதும் முடிவாகியிருந்தது. தேவர்சோலையில் ஒரு டீக்கடையை மூவாயிரத்து ஐந்நூறுக்கு விடத் தயாராக இருக்கிறார்கள் என்று பெரியப்பா எழுதியிருந்தார். என் மகள் கூடை சுமக்கக் கூடாது என்று அப்பா சொல்லுவார். நூறுக்கு நூற்றிருபது என்று வைத்தால் மூவாயிரத்து எண்ணூறுக்கு மேல் வரும், கடை வாங்கியும் மிச்சம் இருக்கும். ரயிலில் வரும்போதே அம்மா அந்தக் கடைக்கு எத்தனை கிளாஸ் வாங்குவது என்று யோசித்துக்கொண்டு வந்தாள்.

நாங்கள் வந்தபோது பனி விட்டு, முதல் மழை பெய்து, காப்பிச் செடிகள் பூத்திருந்தன. பெரியப்பாவின் லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீட்டில், ஒரே அறை, ஒரு அடுப்பு. அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. எங்களுக்கு எதிர்வரிசையில் ஓர் அறை கொடுத்தார்கள். பெரியம்மா அன்று தேங்காய் ரொட்டி தட்டி, அம்மியில் சம்பல் அரைத்து, என்னை மடியில் இழுத்து வைத்து ஊட்டினாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணை மடியில் வைக்கிறாளே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் இறங்கவில்லை. இந்த நாட்டில் எங்களுக்கென்று தெரிந்த ஒரே வாசல் அதுதான்.

பத்து நாள் கழித்துப் பெரியப்பா பாங்கிக்குப் போய்வந்து, துண்டில் முடிந்த பணத்தை அப்பா கையில் கொடுத்தார். அப்பா மூன்று முறை எண்ணினார். இரண்டாயிரத்து நூறு இருந்தது.

"மிச்சம் எப்பண்ணே வரும்?" என்று அப்பா கேட்டார்.

"அவ்வளவுதான் தம்பி வந்துச்சி. அங்க ரூபாயோட வெல எறங்கிப் போச்சாம்."

"ரூபாய்க்கு என்னண்ணே வெல? ரூபாதானே வெல?"

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பாங்கிச் சீட்டைக் காட்டச் சொன்னார் அப்பா. அது வரும் வழியில் மழையில் நனைந்து கிழிந்துபோய்விட்டது என்றார். அன்று மழை பெய்ததா இல்லையா என்று இரவெல்லாம் அப்பாவும் அம்மாவும் கிசுகிசுப்பாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெய்ததுதான். ஆனால் மதியத்துக்கு மேல்தான் பெய்தது, பெரியப்பா அதற்கு முன்பே வந்துவிட்டார் என்று அம்மா கண்டுபிடித்தாள்.

மறுநாள் அப்பா தலையணையைப் பிரித்து, ஒரு தாளை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பஜாருக்குப் போனார். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர் இலங்கைத் தாள் மாற்றிக் கொடுப்பதாகப் பேச்சு. அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏனுங்க, இது முன்னாடி மாதிரி இல்லீங்க. இப்ப நூறுக்கு அம்பதுதானுங்க வரும். பாங்கில கேட்டாலும் இதேதானுங்க சொல்லுவாங்க" என்றார்.

அப்பா தாளை வெடுக்கென்று வாங்கிக்கொண்டார். பாங்கியில் போய்க் கேட்க அவருக்குத் துணிவில்லை. ஒளித்துக் கொண்டுவந்த தாள் என்று தெரிந்தால் பிடித்துப் போட்டுவிடுவார்கள் என்ற பயம். திரும்பும் வழியில், இவன் எழுபது அடிக்கப் பார்க்கிறான், பெரியவன் ஆயிரத்தெழுநூறு அடித்துவிட்டான், இந்த ஊரே கூட்டுக் களவாணி என்று திட்டிக்கொண்டே வந்தார். நினைத்துப் பாருங்கள், எங்களிடம் உண்மையைச் சொன்ன ஒரே ஆளை நாங்கள் திருடன் பட்டியலில் இரண்டாவதாகச் சேர்த்துக்கொண்டோம்.

எங்களோடு வந்த மற்றவர்களிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். நம்ம ஆட்கள் வாயைத் திறப்பார்களா? கூட வந்தது என்று தெரிந்தால் கடன் கேட்பார்கள், குறைய வந்தது என்று தெரிந்தால் மதிக்கமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பொய். பக்கத்து அறைக்காரர் நாலாயிரம் வந்ததாகச் சொல்லிவிட்டு, மறுவாரமே என் அம்மாவிடம் அரைப்படி அரிசி கேட்டார். அவர் ஏழையாக நடிப்பதாக அம்மா சொன்னாள்.

இந்தச் சமயத்தில்தான் அப்பா என்னை வேவுக்கு அனுப்பினார். அப்படிச் சொல்லவில்லை. பெரியம்மா வீட்டில் விளையாடிவிட்டு வா என்றார். திரும்பி வந்ததும் அடுப்பில் என்ன இருந்தது, கொடியில் என்ன தொங்கியது, யார் வந்து போனார்கள் என்று கேட்டார். எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் இன்னும் சேர்க்கவில்லை, பொழுதும் போகவில்லை. பெரியம்மா கொடுத்த ரொட்டியை மென்றுகொண்டே கண்ணால் அலமாரியைத் துழாவுவேன். டப்பாப்பால் டின்னைத் தூக்கிப் பார்த்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மனதில் குறித்துக்கொள்வேன். கறி சமைத்திருந்தால் அப்பா, "என் சல்லி" என்பார்; பணத்துக்கு இலங்கையில் அதுதான் பேர். கருவாடு சமைத்திருந்தால், "நடிப்பு" என்பார். அவர்கள் எதைச் சாப்பிட்டாலும் தப்பிக்க வழியில்லை.

பெரியம்மாவின் காதில் ஒரு பவுன் தோடு உண்டு. நாங்கள் வந்த அன்று எனக்கு ஊட்டும்போது அது என் கன்னத்தில் இடித்தது. அப்புறம் அவள் குளிருக்கென்று எப்போதும் தலையோடு துண்டு கட்டியிருந்தாள்; ஒருநாள் அது நழுவியபோது பார்த்தால் காதில் ஈர்க்குச்சி சொருகியிருந்தது. கேட்டதற்கு, காது புண்ணாகிவிட்டது என்று தலையைத் திருப்பிக்கொண்டாள். புண் எதுவும் இல்லை, நான் உற்றுப் பார்த்துவிட்டேன். வீட்டுக்கு ஓடிவந்து மூச்சிரைக்க அப்பாவிடம் சொன்னேன். அவர் என் தலையைத் தடவிக் கொடுத்தார். அவர் அப்படித் தடவுகிறவரே இல்லை.

தோட்டை ஒளித்துவைத்து ஏழை வேஷம் போடுகிறார்கள் என்பது அப்பாவின் முடிவு. அம்மாவுக்கு அது பத்தவில்லை. தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் பெரியம்மாவை நிறுத்தி, அக்கா, தோடு எங்கே என்று கேட்டாள். சுற்றிலும் குடத்தோடு ஏழெட்டுப் பேர். பெரியம்மா வாய்க்காரி. அவளுக்கு அழுகை வந்தால் அது சத்தமாகத்தான் வரும்.

"சீட்டாடித் தொலச்சிட்டாராம். அவரே வந்து சொன்னாரு. போதுமா ஒனக்கு?" என்று குடத்தைக் கீழே போட்டுவிட்டுப் போனாள்.

பெரியப்பா மாசச் சம்பளத்தன்று இரண்டு ஆட்டம் ஆடுகிறவர்தான். பஜாரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் யாருக்கும் அதற்கு மேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பொண்டாட்டி தோட்டையே வைத்து ஆடியவன் தம்பி பணத்தை விட்டுவைப்பானா? அன்று சாயங்காலத்துக்குள் லயம் முழுக்க அதுதான் பேச்சு. எங்கள் லயத்துச் சங்கத் தலைவர் அப்பாவைக் கூப்பிட்டு, போலீஸ் அது இது என்று போக வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ஆத்தா முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்வோம் என்றார். அண்ணன் சத்தியம் பண்ணிவிட்டால் அப்பா வாயை மூடிக்கொள்ள வேண்டும், பழையபடி ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். பண்ணாவிட்டால் அன்றோடு உறவு அறுந்தது. அப்பா ஒத்துக்கொண்டார். பெரியப்பாவும் உடனே சரி என்றார். அவர் உடனே சரி என்றது அம்மாவுக்குச் சந்தேகமாக இருந்தது.

ஞாயிறு காலை மாரியம்மன் கோயிலில் கொழுந்துக்காரிகள், செடி வெட்டும் கவ்வாத்துக்காரர்கள் என்று எல்லோரும் இருந்தார்கள். நான் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். பெரியப்பா தலைக்குக் குளித்து, ஈரவேட்டியோடு வந்தார். வெற்றிலையில் கற்பூரம் கொளுத்தினார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று தலைவர் எடுத்துக்கொடுத்தார். நம்ம தோட்டங்களில் காலங்காலமாகச் சொல்லிவந்த வாசகம்தான்; சதம் என்பது அங்கே பைசா.

"வந்த சல்லியில ஒரு சதம் கூட்டாம, ஒரு சதம் கொறைக்காம, வந்தது வந்தபடி தம்பி கையில குடுத்தேன். சொல்லுங்க."

பெரியப்பா நெருப்புக்கு மேலே கையைக் கொண்டுபோனார். "வந்த சல்லியில" என்று ஆரம்பித்தார். அங்கேயே நின்றுவிட்டார். கை அப்படியே இருந்தது, சூடு பட்டிருக்கும். அம்மன் முகத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"கொறைக்கல. அத மட்டும் சொல்றேன், அணைக்கிறேன்" என்றார்.

"முழுசா சொல்லணும். பாதிச் சத்தியம் ஆத்தாவுக்கு ஆகாது" என்றார் தலைவர்.

"கொறைக்கல" என்று மறுபடியும் சொன்னார் பெரியப்பா. அப்புறம் கையை இழுத்துக்கொண்டார். கற்பூரம் யாரும் அணைக்காமல் தானாக எரிந்து தீர்ந்தது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு அப்போது உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. நான் கண்டுபிடித்துச் சொன்னது சரியாகப் போய்விட்டது என்ற சந்தோஷம்.

அதோடு முடிந்தது. எதிரெதிர் வரிசையில் இருந்துகொண்டு பேச்சுவார்த்தை இல்லை. டீக்கடை வேறு யாருக்கோ போனது. அப்பா கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டு எஸ்டேட் வேலைக்குப் போனார். கையில் இருந்த பணத்தில் என்னைப் படிக்கவைத்தார். பெரியம்மா என்னைப் பார்த்தால் குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போவாள்.

பதினோரு வருஷம் கழித்துப் பெரியப்பா நெஞ்சு வலியில் செத்துப்போனார். பிள்ளை இல்லாதவருக்குத் தம்பிதான் கொள்ளி வைக்க வேண்டும். ஆள் மேல் ஆள் வந்து கூப்பிட்டார்கள். அப்பா சுடுகாட்டுக்குப் போனார். ஆனால் சட்டையைக் கழற்றாமல் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் தள்ளி நின்றார். கடைசியில் பெரியம்மாவின் தங்கை மகன்தான் வைத்தான். வீட்டுக்கு வந்து அப்பா குளிக்கக்கூட இல்லை. தீட்டு இல்லை என்று சொல்லிவிட்டார்.

நான் கணக்கு டீச்சராகி, முப்பது வருஷத்துக்கு மேல் கூடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விகிதமும் வட்டியும் சொல்லிக்கொடுத்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். எங்கள் வீட்டு இந்த ஒரு கணக்கை மட்டும் நான் போட்டுப் பார்த்ததில்லை. அப்பா போட்ட விடை சரி என்று வைத்துக்கொண்டேன். மற்ற எதையும் நம்பாத நான் அதை மட்டும் எப்படி நம்பினேன் என்று இப்போது ஆச்சரியமாக இருக்கிறது.

போன மாசம், ஓய்வுபெற்ற டீச்சர்கள் சேர்ந்து இலங்கைக்கு ஒரு சுற்றுலா போகலாம் என்று பேச்சு வந்தது. எவ்வளவு பணம் மாற்ற வேண்டியிருக்கும் என்று போனில் பார்த்தேன். அந்தப் பக்கத்திலேயே இரண்டு ரூபாய்களின் பழைய மாற்று மதிப்பும் வருஷ வாரியாக இருந்தது. கீழே தள்ளித் தள்ளி நாங்கள் வந்த வருஷத்துக்குப் போனேன். அதற்கு முந்தைய வருஷத்தின் நடுவரை நூறு இலங்கை ரூபாய்க்கு நூற்றிருபது வாக்கில் இருந்தது. நாங்கள் வந்தபோது ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கு.

போனை நம்பாமல் வேறு இரண்டு இடத்தில் பார்த்தேன். எல்லாம் ஏறக்குறைய அதேதான். பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். மூவாயிரத்து இருநூறுக்கு, எப்படிப் போட்டாலும், ஆயிரத்து எழுநூறு ரூபாய்தான் வரும். பத்து இருபது முன்னே பின்னே இருக்கலாம். பெரியப்பா கொடுத்தது இரண்டாயிரத்து நூறு. ஆயிரத்தெழுநூறு எங்கே போனது என்று அப்பா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுவல்ல. அந்த நானூறு எங்கிருந்து வந்தது?

அந்தக் காலத்தில் ஒரு பவுன் தோட்டை விற்றால் அவ்வளவுதான் கிடைக்கும்.

அவர்தான் எங்களைக் காத்திருக்கச் சொன்னவர். அவர் பேச்சைக் கேட்டதால்தான் பணம் பாதியானது என்பது பாங்கியில் அவருக்குத் தெரிந்திருக்கும். தம்பி முகத்தில் விழிக்க முடியாமல் தன்னால் ஆனதைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். சீட்டைக் காட்டினால் சேர்த்தது தெரிந்துவிடும், அதனால் கிழிந்துவிட்டது என்றார். எங்களிடம் பொய் சொன்னவருக்கு ஆத்தாவிடம் சொல்ல வாய் வரவில்லை. கூட்டாமல் என்று சொன்னால் அது பொய்ச் சத்தியம். எங்கள் கண் முன்னால், ஊர் கேட்க, குறைக்கவில்லை என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன்.

அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லை. பெரியம்மா இருக்கிறாள், எண்பதைத் தாண்டிவிட்டாள். தேவர்சோலையில் தங்கை மகன் வீட்டில், பின்கட்டில் ஒரு கட்டிலில். மறுநாளே பஸ் ஏறிப் போனேன். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள், உட்காரச் சொன்னாள். நான் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சீட்டாடவில்லை, தோடு எங்கள் பணத்தோடு சேர்ந்து வந்தது என்றேன். மன்னித்துவிடுங்கள் என்று காலைத் தொட்டேன். எனக்குச் சமாதானமாக ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா நான் பைப்படியில நின்னு ஊருக்கே கத்தியிருப்பேன். அதுக்குத்தான் சொல்லல மனுசன்" என்றாள். அப்புறம் கூரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"சூதாடின்னு நெனச்சிக்கிட்டு இருந்தப்ப எனக்கு லேசா இருந்துச்சி புள்ள. இருக்கப் போறதே கொஞ்ச நாளு. அத அப்படியே விட்டிருக்கலாம் நீ."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஓங்கப்பன் சுடுகாட்டுல ஒரு நாளு தள்ளி நின்னான். நான் ஒரே ரூமுக்குள்ள பதினோரு வருசம் தள்ளி நின்னேன்."